தவமணியின் பாட்டில் இல்லாத இரண்டு வரி

செய்தி வந்தபோது நான் காணையில் என் தங்கை வீட்டில் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தேன். காலை பதினோரு மணி இருக்கும். கீபோர்டு வாசிக்கிற டேவிட்தான் போன் செய்தான்.

"அம்மா, அக்கா போயிட்டாங்கம்மா" என்றான்.

"எந்த அக்கா?" என்று கேட்டேன். எந்த அக்கா என்று எனக்குத் தெரியும். பெயரை அவன் வாயால் சொல்லட்டும் என்றுதான் கேட்டேன்.

"தவமணி அக்கா. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல நெஞ்சப் புடிச்சிக்கினு ஒக்காந்தாங்க. எழுந்திருக்கவே இல்லம்மா."

மீதி மாவையும் சலித்து முடித்துவிட்டுத்தான் புடவை மாற்றினேன். என் தங்கை இதை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும்.

தவமணி என் மருமகள். உங்களுக்கு அவள் பாட்டுக்காரி. தானே வார்த்தை கட்டி, தானே மெட்டுப் போட்டு, தானே கிதார் வாசித்துப் பாடியவள். எந்தக் கம்பெனியும் அவள் பின்னால் இல்லை. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடி, செல்போனில் போட்டே பெயர் வாங்கினாள். அவள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்று, அவளோடு மேடையில் வாசித்த டேவிட் கேட்டான். "நல்லதா நாலு வார்த்த போதும்மா" என்றான். நல்லதாக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துப் பிழையைப் பேத்தி நிவேதா திருத்தியிருக்கிறாள். வார்த்தையை மாற்றினால் கையை ஒடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் ஏன் காணையில் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொண்டு போயிருந்தேன். எனக்குப் பல்செட் கட்டினார்கள். கட்டின மூன்றாம் நாளே அவள் ஒரு பாட்டுக் கட்டிப் போனில் போட்டுவிட்டாள். 'வாடகைப் பல்லு வந்துருச்சி, வசவு மட்டும் சொந்தம்டி' என்று. எதிர்வீட்டுக்காரி அதைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டே எனக்கு வணக்கம் சொன்னாள். அன்று மதியமே பஸ் ஏறிவிட்டேன். தவமணி தினம் பத்து மணிக்குப் போன் செய்வாள். சாவதற்கு முந்தின நாளும் செய்தாள். "அத்த, பிரஷர் மாத்திர போட்டிங்களா?" "அதையும் பாட்டாக் கட்டிப் பாடு" என்று சொல்லிப் போனை வைத்தேன். எங்கள் கடைசிப் பேச்சு அதுதான்.

படத்திறப்பில் பேசியவர்கள் அவளுக்குப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று என்னென்னவோ சொன்னார்கள். மழை என்றார்கள், மண் என்றார்கள். மழையுமில்லை, மண்ணுமில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் மல்லாட்டை மில்லுக்கு வேர்க்கடலை உடைக்கிற வேலைக்குப் போனாள். அங்கே ஒரு மேஸ்திரி. பெண்களை ஒதுங்கப் போக விடமாட்டான். அவனை வைத்து ஒரு பாட்டுக் கட்டினாள். அவன் வரும்போதெல்லாம் அத்தனை பெண்களும் வேலை செய்துகொண்டே அதைப் பாடினார்கள். பதினைந்து நாளில் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். அவனுக்கு ஒரு கால் குட்டை. பாட்டு முழுக்க அந்தக் காலைத்தான் வைத்திருந்தாள். அவள் பூப்போன்ற மனசுக்காரி என்று மேடையில் சொன்னவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டை அவள் பிறகு எங்கும் பாடவில்லை. ஏன் என்று கேட்டேன். "கால உட்டுட்டு ஆளப் பாடியிருக்கணும் அத்த" என்றாள்.

மேஸ்திரி பாட்டுக்குப் பிறகு அவளுக்குப் பாட்டு என் வசவிலிருந்துதான் வந்தது. ஒரு நாள் உலை பொங்கி அடுப்பு அணைந்துபோனது. இவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். "ஒல கொதிக்கறது தெரியல, ஒனக்குள்ள பாட்டு கொதிக்குதாடி?" என்று கத்தினேன். மறுவாரம் அது பாட்டாகிவிட்டது. விழுப்புரத்தில் பெண்கள் கூட்டம் ஒன்றில் அவள் 'ஒல கொதிக்குது, ஒல கொதிக்குது' என்று எடுத்ததும் மண்டபமே கை தட்டியது. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். பொறுக்கவில்லை. எழுந்து, "அது என் வார்த்தடி!" என்று கத்தினேன். அவள் பாட்டை நிறுத்தினாள். மைக்கிலேயே சொன்னாள்: "எங்க அத்த சொல்றது நெசந்தாங்க. கொழம்பு அவங்களுது. தாளிச்சது மட்டும் நானு." எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் சூட்டில் உட்கார்ந்து வந்தேன்.

கிதாரைத் தெருக்கோடி சர்ச்சில் பாடுகிற ஒரு அண்ணனிடம் கற்றுக்கொண்டாள். கம்பியில் விரல் வைக்க மூன்று பிடி கற்றாள். கடைசி வரை அந்த மூன்றுதான். கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டுக் கேட்பார்கள். "நான் கட்டுனதுதாங்க எனக்கு வரும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிடுவாள். சென்னையிலிருந்து ஒரு இசையமைப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். மெட்டும் வார்த்தையும் அவர்களுடையது, குரல் மட்டும் இவள் கொடுத்தால் போதும் என்றார்களாம். சாயங்காலமே திரும்பிவிட்டாள். "ஏண்டி, கெடச்சத உட்டுட்டு வந்து நிக்கிற?" என்றேன். "அடுத்தவங்க வார்த்த என் வாயில ஒட்டலத்த. ஒங்க வார்த்த மட்டும் எப்பிடியோ ஒட்டிக்கிது" என்றாள். அதுவும் ஒரு குத்தல்தான். நான் மறக்கவில்லை.

இப்போது இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். படத்திறப்பில் ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் ஒன்றையே சொன்னார்கள். தவமணி ஒரு பாட்டைக்கூடத் தாளில் எழுதியதில்லையாம், எல்லாம் நெஞ்சிலேயே வைத்திருந்தாளாம், அது ஒரு வரமாம். பிளக்ஸ் பேனரிலும் அவள் சொன்னதைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்: 'தாள்ல வெச்சா பாட்டு தூங்கிடும். வாயில வெச்சாதான் முழிச்சிக்கினு இருக்கும்.' செல்போன் சேனல்காரப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கேட்டபோது அவள் சொன்ன பதில் அது. சொல்வதற்கு முன்னால் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சொன்னது பச்சைப் பொய்.

அவள் எழுதினாள். நிவேதாவின் பழைய ரப் நோட்டு ஒன்றில் எழுதினாள். முன்பக்கமெல்லாம் வாய்ப்பாடு, பின்பக்கமிருந்து பாட்டு. அப்போது நிவேதா இரண்டாம் வகுப்பு. என் மகன் ஏழுமலை லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். டீக்கடையில் அவனைப் 'பாட்டுக்காரி புருஷன்' என்று கூப்பிட்டார்களாம். வீட்டுக்கு வந்து தட்டை வீசினான். "இவ பாட்ட நிறுத்தல, நான் இந்த வூட்டுல இருக்கமாட்டேன்" என்றான். எனக்கு இருப்பது ஒரே மகன். மறுநாள் தவமணி மில்லுக்குப் போனதும் நோட்டை எடுத்தேன். என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று உட்கார்ந்தேன். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, மதியம் வரை படித்தேன். முப்பத்திரண்டு பாட்டு. பதினொன்று என்னைத் திட்டி. எனக்கு ஒரு தரம் கண்ணில் பட்டால் போதும், மனசை விட்டுப் போகாது. கடைசிப் பாட்டு கூட்டேரிப்பட்டைப் பற்றியது. அதையும் படித்தேன். படித்த பிறகும் எரித்தேன். கொல்லையில் வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

சாயங்காலம் வந்து தேடினாள். "நான்தாண்டி அடுப்புல போட்டேன்" என்றேன். அழவில்லை. "படிச்சிங்களா?" என்று மட்டும் கேட்டாள். "அந்தக் குப்பய நான் எதுக்குடி படிக்கறேன்?" என்றேன். நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்தத் தாளிலும் ஒரு வரி எழுதவில்லை. நெஞ்சில் வைத்த வரம் இதுதான்.

ஏழுமலை அந்த வருடமே ஆந்திரா பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போனான். அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். யாருக்காக எரித்தேனோ அவன் போய்விட்டான். யாருடையதை எரித்தேனோ அவள் எனக்குச் சோறு போட்டாள். தவமணி என்னைத் தெருவில் விட்டுவிட்டுத் தாய்வீடு போயிருக்கலாம். போகவில்லை. அதற்காக நான் இன்றுவரை அவளை மன்னிக்கவில்லை.

ஏழெட்டு வருடம் கழித்து, எரிந்துபோன பாட்டுகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சேர்க்க ஆரம்பித்தாள். ஒன்பதுதான் தேறின. ஒன்பதாவது அந்தக் கூட்டேரிப்பட்டுப் பாட்டு. அதுவும் முழுசாக வரவில்லை.

கூட்டேரிப்பட்டு ரோட்டுல
கொளுத்துற உச்சி வெயிலுல
எங்கம்மா ஏறுன பஸ்சுதான்
எதுத்த பக்கம் போவுதே

இதோடு நின்றுவிடும். சமைத்துக்கொண்டே முதலிலிருந்து பாடுவாள், 'போவுதே'யில் நிற்பாள், மறுபடி ஆரம்பிப்பாள். நான் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருப்பேன். இரண்டு கை தூரம்.

"அத்த, இதுக்கப்பறம் ரெண்டு வரி வரும். அப்பல்லாம் வூட்டுல பாடிக்கினு இருப்பேனே, ஒங்க காதுல வுழுந்திருக்கா?"

"எனக்கு வேற வேல இல்லியா?" என்றேன்.

பத்து நாள் தேடினாள். அந்த இரண்டு வரியும் என் நாக்கு நுனியில் இருந்தன. சொன்னால் நான் நோட்டைப் படித்தது தெரிந்துவிடும். அதுகூடப் பெரிதில்லை. நோட்டு முழுக்க என்னைப் பற்றி நல்லதாக இருந்தது அந்த இரண்டு வரிதான். அதை என் வாயாலேயே எடுத்து அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பதினோராம் நாள் அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சரி, போச்சி" என்றாள். அந்த இடத்தில் வார்த்தை இல்லாமல் 'ம்ம்... ம்ம்ம்...' என்று இழுத்து முடித்துவிட்டாள்.

அந்த 'ம்ம்' உங்களுக்கெல்லாம் எவ்வளவு பிடித்துப்போனது என்று எனக்குத் தெரியும். அவள் மேடையில் அந்த இடத்துக்கு வந்தால் கூட்டமே கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்து இழுக்கும். சொல்ல முடியாத துக்கத்துக்கு வார்த்தை எதற்கு என்று படத்திறப்பில் ஒருவர் விளக்கம் சொன்னார். வார்த்தை இருந்தது ஐயா. நான் எரித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நிவேதா அழுதாள். "போன்ல போடாத பாட்டெல்லாம் அம்மாவோடவே போச்சி ஆயா" என்றாள். விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிற பெண். தலையைத் தூக்கவே இல்லை. "போவல. நோட்ட எடு" என்றேன். முதல் பாட்டை முழுசாகச் சொன்னேன். அவள் பாதியில் பேனாவை வைத்துவிட்டு, "ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் நோட்டோடு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "சொல்லு" என்றாள். முப்பத்திரண்டும் சொல்லி முடித்தாயிற்று. என்னைத் திட்டின பதினொன்றையும் ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். இப்போதெல்லாம் அவள் என்னை ஆயா என்று கூப்பிடுவதில்லை. 'சாப்பிடு' என்கிறாள், 'மாத்திர' என்கிறாள்.

கூட்டேரிப்பட்டில் நடந்தது இதுதான். ஏழுமலைக்கும் அவளுக்கும் மயிலம் கோயிலில் கல்யாணம். முடித்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸுக்கு ரோட்டில் நிற்கிறோம். அவள் அம்மாவும் சொந்தக்காரர்களும் ஏறின பஸ் விழுப்புரம் பக்கமாகப் போகிறது. இந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்கிறாள். புதுப்பெண் ரோட்டில் மயங்கி விழுந்தால் எனக்கல்லவா அசிங்கம் என்று முந்தானையை அவள் தலைக்கு மேல் பிடித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவள் எழுதியிருந்தது இது:

தலைக்கு மேல முந்தானைய ஒருத்தி வந்து விரிச்சாளே
அம்மான்னு வாயெடுத்து அத்தன்னு முடிச்சேனே

டேவிட், இனிமேல் அந்த இடத்தில் யாரும் 'ம்ம்' என்று இழுக்கக் கூடாது. இதைப் பாடுங்கள். தப்பாகப் பாடினால் நான் எழுந்து கத்துவேன்.

பாட்டு அத்தனையும் உங்களுக்குக் கொடுத்துவிட்டேன். அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தப் பத்து நாள். அவள் தேடினாள், நான் மல்லாட்டை உரித்தேன். அதைப் பாட்டாகக் கட்டிப் பாட இப்போது இந்த வீட்டில் ஆள் இல்லை.