மாவு மாஸ்டரின் மூச்சு

ராயபுரத்தில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த பேக்கரியில் ஒரு மாவு மாஸ்டர் இருந்தார். புருவம்கூட மாவில் வெளுத்திருக்கும். எப்போதும் மூக்கில் ஈரத்துண்டு கட்டியிருப்பார். அப்படியும் மிஷினில் மாவு கொட்டினால் மூச்சிழுப்பு வந்துவிடும். லீவு நாளில் வராது. மாவுத்தூசிதான் காரணம், வேலையை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர்.

மாஸ்டர் நேராக முதலாளியிடம் போனார்.

"மிஷினுக்கு மூடி போடு மொதலாளி. தூசி வெளிய போவ ஃபேன் வை. அதுவரைக்கும் மாவு பிசைய மாட்டேன்."

"பீடிய வுடு, சரியாப்பூடும்."

"நான் பீடி புடிச்சி எவனாவது பாத்துகீறானா?"

கடையில் வேலை செய்த மற்ற நாங்கள் ஐந்து பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்துபோய் மாஸ்டர் பக்கத்தில் நின்றோம். மூன்றாம் நாள் மூடியும் ஃபேனும் வந்தன.

அந்த மாதக் கடைசியில் மாஸ்டர் மாவு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, விசிலடித்தபடி மாடிப்படி ஏறினார். அவர் நெஞ்சில் அவ்வளவு காற்று இருந்தது அதுவரை எங்களுக்குத் தெரியாது.