ஜோஸ்பின் டீச்சரின் ஆறாம் நாள்

எங்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் ஜோஸ்பின் டீச்சர் உதாரணம் தேடி லண்டனுக்கெல்லாம் போக மாட்டார். காரைக்காலே அவருக்குப் போதும். ‘அவுட்டூ’ (outdo) என்ற வினைச்சொல்லை அவர் நடத்துவது, பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்தும் எனக்கு வருடா வருடம் கேட்கும். தொண்டை அப்படி.

“சும்மா நல்லா செஞ்சா அது அவுட்டூ இல்ல. இன்னொருத்தர் செஞ்சதுக்கு மேல செய்யணும். யாரை மிஞ்சினோம்னு ஆளையும் சொல்லணும். போன வருஷம் என் தம்பி ழெரோம் என்னை மிஞ்சினான். எழுதிக்கங்க.”

பிள்ளைகள் சிரிப்பார்கள். ஊருக்கே தெரிந்த கதை அது.

மாதா கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். சப்பரத்துக்குப் பூ, மேளம், ஜெபம் முடிந்து போகிறவர்களுக்குத் தின்பண்டம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஐந்தாம் நாள், டீச்சரின் அப்பா காலத்திலிருந்தே அவர்கள் வீட்டுடையது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஷந்தாலைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போன தம்பி, அந்த நாளை அக்காவுக்கு விட்டுவிட்டு, வேண்டுமென்றே ஆறாம் நாளைக் கேட்டு வாங்கினான். அன்றிலிருந்து அக்கா கேசரி கொடுத்தால் மறுநாள் அவன் அல்வா கொடுப்பான். அக்கா உள்ளூர் பேண்டு வைத்தால் அவன் கும்பகோணத்திலிருந்து இறக்குவான். அக்காவைச் சீண்டுவதற்காகவே விமானம் ஏறுகிறவன் என்று நான் சொல்வேன்.

இந்த வருடம் ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று டீச்சர் கங்கணம் கட்டிக்கொண்டார். சப்பரம் முழுக்க வெள்ளைத் தாமரை. குரும்பகரத்தில் குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னிடமே சொன்னார்.

திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று ஷந்தாலிடமிருந்து போன் வந்தது. நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன்.

“அவருக்கு ஆபரேஷன் ஆயிருக்கு அண்ணி. இதயத்துல. டாக்டர் பயணமே கூடாதுங்கறார். எங்க நாளையும் நீங்களே பாத்துக்கங்க. சிம்பிளா செஞ்சா போதும்.”

டீச்சர் போனை வைத்தார். நான்தான் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, “அப்ப பூவுக்கு என்ன செய்வீங்க?” என்றேன்.

“குளத்துல ஒரு சப்பரத்துக்குத்தான் பூ தேறும் சந்திரலேகா” என்றார்.

ஐந்தாம் நாள் சப்பரத்தில் வெறும் செவ்வந்தி. தின்பண்டம் சுண்டல். “டீச்சர் இந்த வருஷம் கையைச் சுருக்கிட்டாங்க” என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் சத்தியம் செய்திருந்தேனே.

மறுநாள் சாயங்காலம் சப்பரம் வெளியே வந்ததும் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. மாதாவைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை வெள்ளைத் தாமரை. முன்னால் செண்டை மேளம். “இன்றைய உபயம் ழெரோம், ஷந்தால் குடும்பத்தினர்” என்று ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொன்னார்கள். அக்காவின் பெயர் எதிலும் இல்லை.

டீச்சர் போனைத் தூக்கிப் பிடித்துத் தம்பிக்குக் காட்டிக்கொண்டே சப்பரத்தோடு நடந்தார். திரையில் தலையணையில் சாய்ந்திருந்தவன் பாதியாக இளைத்திருந்தான்.

“என்னக்கா, இந்த வருஷமும் நான்தானா?” என்றான்.

“நீதாண்டா. ஊரே சொல்லுது.”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மூச்சிரைப்பில் போய் முடிந்தது. ஷந்தால் போனை வாங்கி, “தூங்கட்டும் அண்ணி” என்று அணைத்துவிட்டாள்.

டீச்சர் அழுதார். மறைக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், எனக்கும் தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து, கோயில் கமிட்டியில் இருக்கும் ஆரோக்கியஜோசப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“தோத்ததுக்கா டீச்சர் அழுவுறீங்க? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அடுத்த வருஷமும் அவனே ஜெயிக்கட்டுங்க” என்றார்.