துண்டு போட்ட இடம்

எஸ்டேட் மிளகைத் திருடியதாகப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் வழக்கு. பார்த்த சாட்சி நான் மட்டும்தான். வாய்தாதோறும் இருவரும் ஏற்காட்டிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் சேலம் கோர்ட்டுக்கு இறங்குவோம். அவர் முந்திக்கொண்டு, ஜன்னல் வழியே துண்டு போட்டு எனக்கும் இடம் பிடிப்பார். “உக்காருங்க, வளைவுல நிக்க முடியாதுங்க” என்பார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

கூண்டில் ஏறிக் கண்டதைச் சொன்னேன். தீர்ப்பன்று அவரைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். “நல்ல சாட்சி” என்று அரசு வக்கீல் முதுகில் தட்டினார். அந்தப் பாராட்டைக் குப்பையில் போட! வேனில் ஏறும்போது அவர் தன் துண்டை என்னிடம் நீட்டினார். “ஊட்டுல குடுத்துருங்க.”

திரும்பும் பஸ்ஸில் அதைப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தேன். “ஏனுங்க, ஆள் வருதுங்களா?” என்று ஒருவர் கேட்டார். வரும் என்று சொல்லிவிட்டேன். பாவம், அந்த மனிதர் வளைவெல்லாம் நின்றுகொண்டே வந்தார்.