மூக்கு நுனியில் ஒரு பொட்டு

எங்கள் லேபில் பிரேமாவைக் கேட்காமல் மைக்ராஸ்கோப்பைத் தொட எனக்கும் உரிமை கிடையாது. லேப் என் பெயரில்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் சிரிப்பாள். வள்ளியூரிலிருந்து கல்யாணமாகி, மலையாளம் புழங்கும் இந்த ஆரியசாலைக்கு வந்தவள், பதினெட்டு வருஷமாக இங்கே ரத்தம் பார்க்கிறாள். மைக்ராஸ்கோப்பை இடம் மாற்றும்போது ஒரு கை அதன் முதுகுப் பிடியில் இருக்கும், மறு கை அடிப்பாகத்தைத் தாங்கும். பெற்ற பிள்ளையைக்கூட இத்தனை பதனமாகத் தூக்கியிருக்க மாட்டாள்.

போன நவராத்திரியில் அந்தக் கட்டுப்பாட்டை நான் மீறினேன். அஷ்டமி மாலை அவள் வீட்டுக்குப் போனதும் மைக்ராஸ்கோப்பைப் பூஜையில் வைத்து, கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் சந்தனப் பொட்டு வைத்தேன். பூஜையில் வைத்ததை விஜயதசமி காலைவரை தொடக்கூடாது என்பது இந்த ஊர் வழக்கம்.

மறுநாளே உச்சிமாகாளி வந்தான். மங்களூரில் கட்டட வேலை முடித்துத் திரும்பியவன்; மூன்று நாள் காய்ச்சல், தூக்கித் தூக்கிப் போடும் குளிர். மலேரியாவா என்று உடனே பார்க்கச் சொல்லி டாக்டர் சீட்டு கொடுத்திருந்தார். மைக்ராஸ்கோப் இல்லாமலே சட்டென்று பார்க்கும் கார்டு எங்களிடம் தீர்ந்திருந்தது. அக்கம்பக்கத்து லேப்களுக்கெல்லாம் லீவு.

"பூஜைல வச்சதை எடுக்கப்படாதும்மா," என்றேன்.

"சரஸ்வதி கோவிச்சா நான் பேசிக்கிடுதேன் சாரே. இவருக்கு நடுங்குது, பாத்தீங்களா?"

எடுத்தேவிட்டாள். கண்ணில் பட்ட பொட்டுகளை முணுமுணுத்துக்கொண்டே துடைத்தாள். ரத்தத்தை ஸ்லைடில் தீற்றி, சாயம் ஏற்றி, சின்ன லென்ஸில் பார்த்தாள், தெளிவாக இருந்தது. ஆனால் மலேரியாக் கிருமியைப் பார்க்க நூறு மடங்கு லென்ஸ் வேண்டும். ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அந்த லென்ஸைத் திருப்பினாள். ஒரே மூட்டம்.

கண் வைக்கும் லென்ஸைச் சுழற்றினாள். மூட்டம் அதோடு சேர்ந்து சுழலவில்லை. ஆகவே அழுக்கு அதில் இல்லை. ஸ்லைடை நகர்த்தினாள், அணுக்கள் நகர்ந்தன, மூட்டம் அப்படியே நின்றது. மேடைக்கு அடியில் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்ஸரை ஏற்றி இறக்கினாள். வெளிச்சத்தை அளந்து விடும் துவாரத்தைத் திறந்து மூடினாள். ஒன்றும் மாறவில்லை. பெஞ்சில் உச்சிமாகாளியின் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கின.

"சார், உள்ளதைச் சொல்லுங்க. வேற எங்க பொட்டு வச்சீங்க?"

நாலு லென்ஸில் நீளமான அந்த நூறு மடங்கு லென்ஸ் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. "மூக்கு நுனியில ஒண்ணு," என்றேன்.

"எண்ட தெய்வமே!"

திட்டக்கூட அவளுக்கு நேரமில்லை. அழுத்தித் துடைத்தால் சந்தனத் துகள் லென்ஸைக் கீறிவிடும். கீறிவிட்டால் உச்சிமாகாளிக்கு இன்றைக்கு ரிப்போர்ட் கிடையாது. எண்ணெயை மெல்ல ஒற்றி எடுத்தாள். லென்ஸ் காகிதத்தை நனைத்து நுனியில் வைத்து, ஊறட்டும் என்று காத்திருந்தாள். தேய்க்காமல் எடுத்தாள். இப்படி ஐந்து முறை. அவமானத்தில் நான் உச்சிமாகாளிக்குப் பால் விடாத கட்டன்சாயா வாங்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது புது எண்ணெய் விட்டு, பெரிய திருகைத் தொடாமல் சின்னத் திருகை மட்டும் இம்மியளவு நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"கிட்டிப்போச்சு! வந்து பாருங்க சார்."

சிவப்பணுவுக்குள் மெல்லிய நீல வளையம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. கல் வைத்த மோதிரம் போல இருந்தது மலேரியாக் கிருமி. அன்று மதியமே மருந்து தொடங்கினார்கள். மூன்று வாரத்தில் அவன் மறுபடி கட்டடச் சாரத்தில் ஏறிவிட்டான்.

இந்த வருஷம் பூஜையில் மைக்ராஸ்கோப்பின் துணி உறையை மட்டும் மடித்து வைத்தோம். மைக்ராஸ்கோப் மேஜையிலேயே நின்றது. சந்தனக் கிண்ணத்தோடு நான் வருவதைப் பார்த்ததும் பிரேமா அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"அதுக்கு இல்லேம்மா. உனக்கு," என்று கிண்ணத்தை நீட்டினேன்.

நெற்றியில் வைத்துக்கொண்டு, உடனே போய் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.