பாய்மரப் படகில் ஏசி, சட்டைப்பையில் மொட்டைக் கடுதாசி

எழுபத்தைந்தாம் வருடம், பொங்கல் முடிந்த சமயம். தி.நகரில் ஒரு சின்னக் கடையில் ஏசி, ஃப்ரிஜ் மெக்கானிக்காக இருந்தேன். எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. காய்கறிக்காரர் நிறுக்கும்போது தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற ஆள். "உங்களுக்குப் போலீஸ் வேலை கிடைக்காமப் போனது இந்த ஊர் செஞ்ச புண்ணியம்" என்பாள் என் மனைவி.

ஒரு நாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கடைக்கு வந்தார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், சாந்தோமில் வீடு. படகுக்கு ஏசி மாட்ட வேண்டும் என்றார். மோட்டார் படகு என்று நினைத்துக்கொண்டு கேட்டால், பாய்மரப் படகாம். கடல் காற்று சும்மாவே வீசும்போது பாய்மரப் படகுக்கு எதற்கு ஏசி? அப்போதே எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

முதலாளி என்னைத்தான் அனுப்பினார். அடையாறு கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, பட்டினப்பாக்கம் பக்கத்துக் கரையில் அந்தப் படகு மிதந்துகொண்டிருந்தது. அவரே கட்டியது. மழையில் முகத்துவாரம் திறந்திருந்தது. மணல் மறுபடி மூடுவதற்குள் கடலுக்குப் போயாக வேண்டும், தவறினால் இன்னொரு மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார். இத்தனை அவசரம் ஏன் என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஜன்னல் ஏசி போட்டுவிடலாம், ஒரே நாள் வேலை என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அலை தெறிச்சா ஆறே மாசத்துல துரு தின்னுடும் தம்பி. சூட்டை வெளியே தள்ளப் படகோட சுவரையும் அறுக்கணும். சூட்டைத் தண்ணியே எடுத்துக்கட்டும்" என்று பென்சிலால் வரைந்து காட்டினார். உள்ளே காஸ் ஓடும் செம்புக் குழாய், அதைச் சுற்றிப் பெரிய குழாயில் கடல் தண்ணீர். படகின் அடியிலிருந்து பம்பு தண்ணீரை இழுக்கும், சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் பக்கவாட்டில் வெளியே போய்விடும். கம்ப்ரசரைப் படகின் நடுவில், தாழ்வாக வைக்க வேண்டும். கரையில் கொட்டகையிலிருந்து கரண்ட் இழுத்துச் சோதித்துக்கொள்ளலாம், கடலில் ஜெனரேட்டர். மனிதர் விஷயம் தெரிந்தவர்தான். விஷயம் தெரிந்தவர்களிடம்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

வேலை செய்யச் செய்ய சந்தேகம் வளர்ந்தது. உள் அறையின் சுவர் இரட்டைச் சுவராக இருந்தது. குளிர் வெளியே போகாமல் இருக்க நடுவில் தெர்மோகோல் அடைத்திருக்கிறேன் என்றார். தெர்மோகோல் அடைக்கிற இடத்தில் வேறு எதை வேண்டுமானாலும் அடைக்கலாமே! அந்த அறைக்குக் கனமான திரை. குளிர்காற்று போகும் வழியைத் திரைக்கு இந்தப் பக்கம் வரை நான் செய்தால் போதும், உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குளிர் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு, "அதை நான் கேட்டுச் சொல்றேன்" என்றார். யாரைக் கேட்டு? அவ்வப்போது திரைக்குப் பின்னால் கண்ணாடி டம்ளர் வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

அவருக்கு உதவியாக இருந்தவர் ஒரு பட்டினப்பாக்கத்து மீனவர். ஒரு நாள் காலை டீக்கடையில் நான் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தபோது, அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "மேல பாத்தா ஒண்ணியும் தெரியாது நைனா. தண்ணி கீய வயியா வருது. ரெண்டாவது பைப்புல ஜோரா வந்துகினு கீது. அத்த மட்டும் யாரும் தொடக் கூடாதுன்னு ஐயா சொல்லிகீறாரு."

மதுவிலக்கு மறுபடி வந்திருந்த காலம் அது. அப்போது மெட்ராஸில் 'தண்ணி' என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது குழாய்த் தண்ணீர் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் ஏசிக்கு ஒரு குழாய்தான் வேண்டும். இரண்டாவது எதற்கு? இரட்டைச் சுவர், திரை, டம்ளர் சத்தம், அவசரம் எல்லாம் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. சாராயம்தான். வேறென்ன?

அன்று மாலையே வீட்டில் உட்கார்ந்து போலீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். மறுநாள் காலை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரே ஒரு தடவை மோந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, திரும்பும்போது தபால் பெட்டியில் போட்டுவிடலாம் என்று எண்ணம்.

படகுக்காரர் கயிறு வாங்க பாரிமுனைக்குப் போயிருந்தார். மீனவர் கரையில் பாய் தைத்துக்கொண்டிருந்தார். நான் ஏசியை ஓடவிட்டேன், அந்தச் சத்தத்தில் நான் செய்வது வெளியே கேட்காது. தரைப் பலகை ஒன்றைத் தூக்கினால் இரண்டாவது குழாய் தெரிந்தது. ரப்பர் குழாயைப் பிடித்திருந்த கிளிப்பைத் தளர்த்தி, மூக்கைக் கிட்டே கொண்டுபோய், குழாயை ஒரே இழுப்பாக இழுத்துக் கழற்றினேன்.

பீறிட்டு வந்து முகத்தில் அடித்தது. வாய்க்குள்ளும் போயிற்று. உப்பு, நல்ல உப்பு. சரி, எங்கோ ஒரு தொட்டியிலிருந்து வருகிறது, காலியானால் நின்றுவிடும் என்று காத்திருந்தேன். கட்டடங்களில் ஏசி மாட்டுகிற எனக்குக் குழாய் என்றால் மேலே ஒரு தொட்டி இருக்கும், அவ்வளவுதான் தெரியும். தண்ணீர் கணுக்காலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அந்தத் தொட்டியின் பெயர் வங்காள விரிகுடா. உள்ளங்கையால் அழுத்தினேன். விரலிடுக்கில் எல்லாம் சீறிக்கொண்டு வந்தது. ஒரு மனிதர் பாடுபட்டுக் கட்டிய படகு என் கையாலேயே மூழ்கப் போகிறது என்று நினைத்தபோது, "ஐயோ, ஐயோ" என்று கத்தினேன்.

திரை விலகியது. ஒரு அம்மா வெளியே வந்தார். கழுத்திலிருந்து இரண்டு கைகளும் முழுக்கத் தீக்காயத் தழும்பு. கன்னத்தில் பாதி வரை ஏறியிருந்தது. "முதல்ல மெயினை அணைங்க தம்பி! கரண்டு ஓடுது" என்றார், வகுப்பில் பேச்சை அடக்குகிற குரலில். தண்ணீரில் நின்றுகொண்டு மோட்டாரை ஓடவிட்டிருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பாய்ந்து போய் ஏணிக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்சை அணைத்தேன். அதற்குள் அவர் மண்டியிட்டு, பலகைக்கு அடியில் தோள் வரை கையை விட்டு, அங்கே இருந்த வால்வைத் திருகி மூடிவிட்டார். தண்ணீர் நின்றது.

மீனவர் ஓடி வந்தார். உள்ளே பார்த்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, படகுக்குள்ளயே மீன் புடிக்கலாம்னு பாத்தியா?" என்றார். இரண்டு பேருமாக வாளியால் இறைத்துக் கொட்டினோம். அந்த அம்மா என் சட்டையை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டார். நானும் யோசிக்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

டீ கொடுத்தபோதுதான் கடுதாசி ஞாபகம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அது அவர் கையில் இருந்தது. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது, ஈரத்தில் ஒரு எழுத்துகூட அழியவில்லை. அதை என்னிடம் நீட்டினார். 'அடையாறு முகத்துவாரத்தில் ஒரு படகில் கள்ளசாராயம் கடத்தபடுகிறது. இப்படிக்கு, நாட்டு பற்று உள்ளவன்' என்று எழுதியிருந்தேன். அதில் சிவப்புப் பென்சிலால் கள்ளவுக்குப் பிறகு ஒரு 'ச்', கடத்தவுக்குப் பிறகு ஒரு 'ப்', நாட்டுவுக்குப் பிறகு இன்னொரு 'ப்'.

"மூணு ஒற்று விட்டுட்டீங்க" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீக்கடையில் கேட்டது, தண்ணி, இரண்டாவது குழாய் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பை நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னைக் கேட்டிருந்தா ஒரு டம்ளர் ஊத்திக் கொடுத்திருப்பேனே!"

பிறகு அவரே சொன்னார். படகுக்காரரின் மனைவி, பள்ளிக்கூட டீச்சராக இருந்தாராம். ஸ்டவ் வெடித்ததில் இப்படி ஆகிவிட்டது. தழும்பு மூடிய தோலில் வேர்வை வராது, வெயிலில் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் மயக்கம் போட்டுவிடும். தூத்துக்குடியில் இருக்கும் அக்காவைப் பார்க்க ஒரு தடவை ரயிலில் கிளம்பி, பாதியில் இறங்கித் திரும்பிவிட்டார். "சூட்டைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் தம்பி. எதிர் சீட்டுல இருந்தவங்க பாத்த பார்வையைத்தான் தாங்க முடியல." கரையோரமாகவே படகில் கூட்டிப் போகிறேன் என்று கணவர் சொன்னது அப்போதுதானாம். ஏசி நின்றுபோனால் துணியை நனைத்து உடம்பில் போட்டுக்கொள்ள, அறைக்குள் கணவர் ஒரு கைப்பம்பு வைத்திருந்தார், அதற்குத் தண்ணீர் வருவதுதான் அந்த இரண்டாவது குழாய். தினமும் அந்த வால்வைத் திறந்து மூடுகிறவர் இந்த அம்மாதான். நான் அந்தக் கடுதாசியை முந்தின நாளே தபாலில் போட்டிருந்தால் போலீஸ் வந்து படகை நிறுத்தியிருக்கும், முகத்துவாரம் மூடியிருக்கும். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

கணவர் திரும்பி வந்ததும், "பைப்பு கழண்டுடுச்சு, தம்பி பக்கத்துல இருந்தாரு" என்று மட்டும் சொன்னார் அவர். அது பொய்யும் இல்லை. நனைந்த பம்பு மோட்டாரைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பிரித்து, பல்பு வெளிச்சத்தின் சூட்டில் இரண்டு நாள் காயவைத்துத் திரும்ப மாட்டினேன். குளிர் வருகிறதா என்று இந்தத் தடவை திரைக்கு இந்தப் பக்கமிருந்து நானே கேட்டேன். "ஜிலுஜிலுன்னு இருக்கு" என்று பதில் வந்தது. முகத்துவாரத்தில் மணல் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வார முடிவில் படகு கடலுக்குப் போய்விட்டது.

சில வாரம் கழித்துக் கடை முகவரிக்கு எனக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. 'அக்காவைப் பார்த்துவிட்டேன். ஏசி நன்றாக ஓடுகிறது. தண்ணி தாராளமாக வருகிறது.' அவ்வளவுதான். போஸ்ட் கார்டு ஆயிற்றே, எனக்கு முன்னாலேயே முதலாளி படித்துவிட்டார். "என்னப்பா இது, பொம்பளைக் கையெழுத்துல தண்ணி தாராளமா வருதுன்னு எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். நான் எவ்வளவு விளக்கியும் அந்தப் பார்வை மாறவில்லை.

சந்தேகப் புத்தி இன்றும் என்னை முழுதாக விட்டுவிடவில்லை. ஆனால் யாரைப் பற்றியாவது தப்பாக நினைக்க ஆரம்பிக்கும்போது, பீரோவில் வைத்திருக்கும் அந்தக் கடுதாசியை எடுத்து, அந்த அம்மா போட்ட மூன்று சிவப்பு ஒற்றுகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, நேரே போய் அந்த ஆளையே கேட்டுவிடுகிறேன்.