டப்பா சத்தத்துக்கு ஓடிவந்த காடைகள்

1. களைப்பு

அரசுக் காடைப் பண்ணையில் உதவியாளனாகச் சேர்ந்த முதல் வாரமே கால்நடை டாக்டர் கூப்பிட்டார். "வயல்ல காடை குறைஞ்சுபோச்சாம். மந்திரி கேட்டாராம். பத்துக் கூண்டு ஏத்திக்கிட்டுப் போய் விட்டுட்டு வாய்யா."

ஜப்பான் காடைகள். ஏற்றும்போது இரண்டு மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. பயணக் களைப்பு என்று டாக்டரிடம் சொன்னேன். ஜீப் அப்போது பண்ணை வாசலைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

திருவையாற்றுக்குத் தெற்கே ஒரு கிராமம். சம்பா அறுவடைக் கூலித் தகராறில் மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார். ஜீப்பைக் கண்டதும் போலீஸ் என்று நினைத்துத் தெருவே காலியாகிவிட்டது. அஞ்சலை என்ற பெண் மட்டும் நின்றாள். அவளுக்கும் வேலை போயிருந்தது. அவள் கையில் ஒரு கூண்டு, அதற்குள் பார்வைக் காடை. அந்தச் சேவல் கூவினால் உளுந்து வயலில் இருக்கும் காட்டுக் காடைகள் சண்டைக்கு வரும், வலையில் விழும். அந்த வருஷம் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

நான் கூண்டுகளைத் திறந்தேன். ஒன்றும் பறக்கவில்லை. பழக்கதோஷத்தில் தீவன டப்பாவை ஆட்டினேன். எல்லாம் என் காலைச் சுற்றி வந்து நின்றன.

"இது காடை இல்லீங்க சார். நீங்க பெத்த பிள்ளைங்க" என்றாள்.

2. வீரிய ரகம்

ரோஷம் வந்துவிட்டது. காடைகளை உளுந்து வயலுக்குள் விரட்டிவிட்டு, ஒரு பண்ணைப் பெட்டையை மட்டும் அவளிடம் கொடுத்து, "உன் சேவலோட சேத்து விடும்மா. குஞ்சு பெரிசா வரும், பெரிசாக் கூவும்" என்றேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு நாள் ஆன விஞ்ஞானி நான்.

பெட்டை முட்டையிட்டது, அடைகாக்கத் தெரியவில்லை. அஞ்சலை முட்டைகளைக் கோழிக்கு அடியில் வைத்தாள். குஞ்சு பொரித்த வாரமே பெட்டை வெள்ளையாகக் கழிந்து செத்தது. மூன்றாம் நாள் பார்வைக் காடையும் போயிற்று. உளுந்து வயலிலும் காட்டுக் காடைகள் ஆங்காங்கே செத்துக் கிடந்தன. களைப்பு என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

3. பதில் இல்லை

சித்திரையில், அந்தக் குஞ்சுகளில் மிஞ்சிய கலப்புச் சேவல் குரலெடுத்தது. அஞ்சலை வலை கட்டினாள். நானும் வரப்பில் உட்கார்ந்தேன். அது பண்ணைக் காடை மாதிரியும் கூவவில்லை, காட்டுக் காடை மாதிரியும் கூவவில்லை. தொண்டை கட்டியவன் மைக் பிடித்த மாதிரி இருந்தது. விடிந்து வெயில் ஏறியும் ஒரு பறவை வரவில்லை. நோயில் எத்தனை போயின, மிஞ்சியவற்றில் எத்தனை இப்படிக் கலந்தன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பண்ணை ரிப்போர்ட்டில் மட்டும் 'திட்டம் வெற்றி' என்று என் கையெழுத்து இருக்கிறது.

அவள் வலையைச் சுருட்டினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கூண்டை என் பக்கம் தள்ளினாள்.

"இதுக்கு எந்தப் பேச்சும் தெரியலை சார். நீங்களே வச்சுக்குங்க. நாங்க நாளைக்கு உளுந்து பறிக்க மிராசுதார் சொன்ன கூலிக்கே இறங்குறோம்."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: சிலிர்த்து நிற்கும் பறவையை வண்டியில் ஏற்றாதீர்கள். ஓர் ஊரில் எதையும் திறந்துவிடும் முன், அங்கே ஏற்கெனவே கூவிக்கொண்டிருப்பதை ஒரு நாளாவது உட்கார்ந்து கேளுங்கள்.

அந்தச் சேவல் என் குவார்ட்டர்ஸில் இரண்டு வருஷம் இருந்தது. தினமும் விடியலில் கூவும், பதில் வராது. நான் எழுந்துபோய் டப்பாவை ஆட்டுவேன். ஓடிவரும்.