மூன்றாவது பேஸில் யாரும் இல்லை

சாஃப்ட்பால் அம்பயர் வேலை என்பது, ஓடுகிறவளுக்கு முன்னால் ஓடிப்போய் நின்று, திட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த பந்துக்குள் பழைய இடத்துக்குத் திரும்பி வருவது.

கல்யாணப் பந்தியில் பரிமாறியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சாம்பார் வாளிக்காரர் எங்கேயோ போய்விடுவார். ரசத்துக்காரி அதையும் சேர்த்துத் தூக்குவாள். கடைசியில், ரசம் ஏன் வரவில்லை என்று அவளைத்தான் கேட்பார்கள். நீங்களும் அப்படி ஒரு ரசத்துக்காரி என்றால் மேலே படியுங்கள், நாம் ஒரே ஜாதி.

மைதானத்தில் நாலு மூலை, அடிக்கிற மூலை பிளேட், மற்ற மூன்றும் பேஸ். பிளேட்டில் நின்று பந்தை அடிக்கிறவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பேஸைத் தொட்டு, திரும்பப் பிளேட்டுக்கே வந்தால் ஒரு ரன். அம்பயர் மூன்று பேர். பெரிய அம்பயர் இரும்புக் கம்பி முகமூடி போட்டுக்கொண்டு பிளேட்டுக்குப் பின்னால் நிற்பார். ஒருவர் ஒன்றில், ஒருவர் மூன்றில். இரண்டுக்கென்று தனியாக ஆள் கிடையாது. அதனால் ஒன்றில் ஓட்டக்காரி நின்றால், மூன்றில் இருக்கிற அம்பயர் தன் இடத்தை விட்டு இரண்டுக்குப் போக வேண்டும். ஓட்டக்காரி இரண்டையும் தாண்டி மூன்றுக்கு ஓடினால் பெரிய அம்பயர் பிளேட்டிலிருந்து மூன்றுக்கு வர வேண்டும், ஒன்றில் இருப்பவர் பிளேட்டுக்குப் போக வேண்டும். இவ்வளவுதான் வேலை. மூன்றில் இருக்கிற அம்பயர் நான்.

கையா, தலையா

ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மைதானம் பெருக்கி, சுண்ணாம்பில் கோடு போடுகிற வேலை எனக்கு. எட்டாவதோடு நின்றவள். விளையாட்டு சொல்லித்தரும் செல்வி டீச்சருக்கு எந்த மேட்சிலும் மூன்றாவது அம்பயர் கிடைப்பதில்லை. கோடு போடுகிறவளுக்குக் கோடு எங்கே இருக்கிறது என்றாவது தெரியுமே என்று என்னை நிறுத்திவிட்டார்.

முதல் மேட்ச். என் பேஸில் ஒரு பெண் அவுட். எனக்கு நன்றாகத் தெரிந்தது. கையை மடக்கித் தூக்கி, அவுட் என்று கத்த வேண்டும். பஸ்ஸில் இறங்குகிற இடத்தைச் சொல்லவே எனக்குக் குரல் வராது. கை காது வரைக்கும் போனது, அதற்கு மேல் போகவில்லை. வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. ஓடி வந்த பெண் பேஸிலேயே நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, கையத் தூக்கனீங்களா, தலையச் சொறிஞ்சீங்களா? அத்தச் சொல்லுங்க, நான் போறதா நிக்கறதா?"

புளியங்கொட்டை

ரூல் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. டீச்சர் அதை மூடி வைத்துவிட்டு, புளி தட்டிக்கொண்டிருந்த என் முறத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நாலு பாட்டில் மூடியை நாலு பேஸாக வைத்தார். மூன்று கொட்டை மூன்று அம்பயர். பந்து இங்கே போனால் இந்தக் கொட்டை எங்கே போகும், அந்தக் கொட்டை எங்கே வரும் என்று நகர்த்திக் காட்டினார். ஒரு மழைக்காலம் முழுக்க அதுதான். அடுப்பில் சாமைச் சோறு வெந்துகொண்டிருக்கும், நான் தரையில் கொட்டை நகர்த்திக்கொண்டிருப்பேன்.

கண் பேஸில் இருக்கணும், காது கிளவுஸில் இருக்கணும் என்பார். கால் பேஸைத் தொடுவதைக் கண் பார்க்கும், பிடிக்கிறவளின் கிளவுஸில் பந்து விழுகிற சத்தத்தைக் காது கேட்கும். எது முந்தி என்பதுதான் தீர்ப்பு. அப்புறம் இன்னொன்று சொன்னார். இடத்தை மாற்றும்போது குரல் கொடுக்க வேண்டும். "மூணு என்னுது" என்று பெரிய அம்பயர் கத்தினால் அவர் மூன்றுக்கு வருகிறார் என்று அர்த்தம், நாம் திரும்பிப் பார்க்காமல் இரண்டைப் பார்க்கலாம்.

இதையெல்லாம் என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மினி லாரி ஓட்டுகிறவர், பேச்சும் லாரி மாதிரிதான் இருக்கும்.

"ஊரெல்லாம் கொட்டைய எடுத்துட்டு புளிய விக்குது. நீ புளிய வுட்டுட்டுக் கொட்டையோட வெளையாடினுகீற."

சாம்பல் பேண்ட்

அம்பயர் என்றால் நீலச் சட்டை, சாம்பல் நிறப் பேண்ட். மலைக்குக் கீழே போளூருக்கு மேட்சுக்குப் போகும்போது புடவைக்குள்ளேயே பேண்ட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். இறங்கினதும் மைதானத்துப் பக்கம் ஒரு மறைவில் புடவையை உருவிப் பையில் வைப்பேன். எனக்கே என்னைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. பிளேட்டுக்குப் பின்னால் நிற்கிற அம்பயருக்கு முகமூடி உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் என் முகம் தெரியாது, நான் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.

பிளேட்டில் நிற்க வேண்டுமென்றால் வட்டார அம்பயர் லிஸ்டில் பேர் வர வேண்டும். லிஸ்டை எழுதுகிறவர், எல்லா மேட்சிலும் பிளேட்டில் நிற்கிற பெரிய சார். ஃபைனல் வரைக்கும் ஒழுங்காக நின்றால் எழுதுகிறேன் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தார். இதை வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"செரி, இந்த வர்ஷம் பாக்கலாம். லிஸ்ட்ல பேரு வரலன்னா, பேண்ட்ட மடிச்சிப் பொட்டில வெச்சிட்டு வூட்ல கெட."

பனிக்குள் ஒரு கேட்ச்

எங்கள் மைதானத்திலேயே ஒரு மேட்ச். பத்து மணியாகியும் பனி விலகவில்லை. மஞ்சள் பந்து உயரமாகப் போய்ப் பனிக்குள் மறைந்துவிட்டது. பின்னாலேயே எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தியும் மறைந்துவிட்டாள். அந்தப் பக்கத்துப் பந்தைப் பார்ப்பது என் வேலை, நானும் ஓடினேன். எங்கள் மூவரைத் தவிர, அதாவது நான், அவள், பந்து தவிர, உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பந்து புல்லில் கிடந்தது. அவள் குனிந்து எடுத்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், கையை உயர்த்திக்கொண்டு பனியை விட்டு வெளியே ஓடினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் பின்னாலேயே வந்து கேட்ச் இல்லை என்று இரண்டு கையையும் விரித்தேன். எங்கள் பள்ளி தோற்றது. ஒரு வாரம் டீச்சரைத் தவிர யாரும் என்னோடு பேசவில்லை. அந்தப் பெண் மட்டும் நான் கோடு போடுகிற இடத்துக்கு வந்து சுண்ணாம்புச் சட்டியைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"பனி நம்ம ஊருது, பந்து நம்ம ஊருது, நீ மட்டும் யாரு ஊரு, அக்கா?"

பவி வந்து நின்றது

என் மகள் பவிக்கு அப்போது ரெண்டரை வயசு. மேட்ச் நாளில் அவளை மூன்றாவது பேஸுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஸ்கோர் எழுதுகிற பெண்களோடு உட்கார வைப்பேன். நான் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அழ மாட்டாள்.

கண்ணமங்கலத்தில் ஒரு மேட்ச். ஒன்றில் ஓட்டக்காரி. முறைப்படி நான் இரண்டுக்கு நகர்ந்தேன். பந்து அடிபட்டது. பெரிய சார் பிளேட்டில் நின்றபடியே "மூணு என்னுது" என்று குரல் கொடுத்தார். ஓட்டக்காரி இரண்டைத் தாண்டி மூன்றை நோக்கிப் போனவள், பாதியில் நின்றுவிட்டாள். என்ன என்று திரும்பிப் பார்த்தேன். அம்மா விட்டுப்போன இடத்தில், மூன்றாவது பேஸ் மேல், பவி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கடித்த பிஸ்கட். பெரிய சார் இன்னும் பிளேட்டில்தான் இருந்தார்.

ஆட்டத்தை நிறுத்தி அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். மைதானமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒன்றாவது பேஸ் அம்பயர் குமரேசன் அண்ணன் என் பக்கத்தில் வந்து குனிந்து, சாருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"கொழந்தைக்கு இருக்கற அறிவு இன்னா பாரேன், மூணு காலியாக் கீதுன்னு அதுக்குத் தெரிஞ்சிபோச்சி."

போளூர் ஃபைனல்

கடைசி ஆட்டம், கடைசி வாய்ப்பு. கீழூர்ப் பள்ளி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தி அவுட்டானால் முடிந்தது. ஒன்றில் ஒரு ஒல்லிப் பெண் நின்றாள். பவியை அன்றைக்கு டீச்சர் மடியில் விட்டிருந்தேன்.

பந்து வலது பக்கம் தரையோடு போனது. நான் இரண்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஒல்லிப் பெண் என் கண் முன்னால் பேஸைத் தொட்டு மூன்றுக்குத் திரும்பினாள். "மூணு என்னுது" என்று பெரிய சார் குரல் கேட்டது. குரலை நம்பினேன். என் தப்பு அது ஒன்றுதான், அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்வேன்.

திரும்பிப் பார்த்தபோது மூன்றில் யாரும் இல்லை. குரல் வந்திருந்தது, ஆள் வரவில்லை. ஒல்லிப் பெண் சறுக்கி விழுந்தாள். அவள் கை பேஸ் மேல் இருந்தது, அதற்கப்புறம்தான் பந்து பிடித்த கிளவுஸ் வந்து மண்ணைத் தொட்டது. எனக்கு அது தெரிந்தது. ஆனால் தீர்ப்பு என்னுடையது இல்லை. சார் பிளேட்டில் நின்றபடி, அறுபது அடி தள்ளி, முகமூடியைக்கூடக் கழற்றாமல் கையைத் தூக்கினார். அவுட். மேட்ச் முடிந்தது. கேட்டால் சொல்லலாம் என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை.

ஒல்லிப் பெண் முட்டியில் ரத்தத்தோடு எழுந்து நேராக என்னிடம் வந்தாள். சாரிடம் போகவில்லை.

"அது உங்க பேஸுதானேக்கா, நீங்க ஏன் அங்க இல்ல?"

அந்த அறையில்

கீழூர்ப் பள்ளி புகார் எழுதிக் கொடுத்தது. போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு பேர் எங்கள் மூன்று பேரையும் ஒரு அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "மூணாவது அம்பயர் இடத்துல இல்ல, அதனால நானே தூரத்துலேருந்து பாத்துச் சொல்ல வேண்டியதாப் போச்சு" என்றார் பெரிய சார். அதில் ஒரு பொய்கூட இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆனாலும் வாய் திறந்தேன். நாலு ஆண்கள் இருக்கிற அறையில் நான் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை. "ஒண்ணுல ஆள் இருந்தா நான் ரெண்டுக்குப் போவணும் சார். மூணுக்கு நீங்க வரணும். வர்றேன்னு குரலும் குடுத்தீங்க." பெரிய சார் சிரித்தார். எட்டாவது படித்த அம்மா நமக்குக் கிளாஸ் எடுக்கிறாள் பாருங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். நான் குமரேசன் அண்ணனைப் பார்த்தேன். அவர் பிளேட்டுக்கு ஓடி வந்தவர், சார் அங்கிருந்து நகராததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். இப்போது ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே டீக்கடையில் குமரேசன் அண்ணன் எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார். நான் குடிக்கவில்லை. கிளாஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னார்.

"நீ சொன்னதுதாம்மா ரூலு. ஆனா உள்ள ரூலு இன்னான்னு யாரும் கேக்கல, யாரு பேர எழுதறதுன்னுதான் கேட்டாங்க."

முகமூடி

லிஸ்ட் வந்தது, என் பேர் வரவில்லை. வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போனார். பேண்ட்டை மடித்து வைத்தேன். கோடு போடுகிற வேலை மட்டும் இருக்கிறது, அதற்கு எந்த லிஸ்டும் வேண்டாம்.

போன மாசம் எங்கள் பிள்ளைகளுக்குள்ளேயே ஒரு பயிற்சி ஆட்டம். பிளேட்டில் நிற்க ஆள் இல்லை. டீச்சர் முகமூடியை என் கையில் கொடுத்தார். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு போட்டேன். உள்ளே வேறு யாரோ ஒருவருடைய பழைய வேர்வை வாசம். ஆனால் நினைத்தது சரிதான், கம்பிக்கு உள்ளேயிருந்து எனக்குக் குரல் நன்றாக வந்தது. மலை கேட்கிற மாதிரி கத்தினேன்.

ஒன்றிலிருந்த பெண் இரண்டைத் தாண்டினாள். "மூணு என்னுது" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அறுபது அடி. புடவை காலைத் தட்டியது, முகமூடி மூக்கில் இடித்தது. கிளவுஸுக்கு முன்னால் நான் போய் நின்றுவிட்டேன். கண் பேஸில், காது கிளவுஸில். சேஃப். எழுந்து மண்ணைத் தட்டினவள், மூச்சு வாங்குகிற என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பனிக்குள் சிரித்தாளே, அதே பெண்தான்.

"இன்னாத்துக்குக்கா இவ்ளோ தூரம் ஓடியாற? பெரிய சாரு அங்கியே நின்னுக்கினுதானே சொல்லுவாரு."

ஆகமொத்தம், நான் விட்டுப்போன மூன்றாவது பேஸுக்கு இதுவரை சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது ரெண்டரை வயசு பவி ஒருத்திதான், அவள் பேரும் லிஸ்டில் இல்லை.